பிளாட்பாரத்தில் தோற்ற மாயம்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஆல்டன் டவர்ஸ் பூங்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுற்றியுள்ள மரங்களின் உச்சியைத் தாண்டி அங்கே எதையும் உயர்த்திக் கட்ட முடியாது. அதனால் அங்கு ரோலர் கோஸ்டர் அமைப்பவர்கள் மேலே போக வழியில்லாமல் பூமியைத் தோண்டினார்கள். 1994-இல் திறக்கப்பட்ட ‘நெமிசிஸ்’ பாறையை வெட்டிய பள்ளத்துக்குள் வளைந்து ஓடுகிறது. 2002-இல் வந்த ‘ஏர்’ பறக்கும் வகைக் கோஸ்டர். ஏறி அமர்ந்ததும் இருக்கை பின்னிருந்து தூக்கப்பட்டு, பயணி தரையைப் பார்த்தபடி கவிழ்ந்து தொங்கும் நிலைக்கு வந்துவிடுவார். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மாபிலார் நிறுவனம் இந்த வகையில் செய்த முதல் கோஸ்டர் அதுதான். செலவு சுமார் 1.2 கோடி பவுண்டு. உயரம் 20 மீட்டர், வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர், பாதையின் நீளம் 840 மீட்டர். கோஸ்டர்களின் உலகில் இவை சிறிய எண்கள். ஆனால் புல்தரை மூக்குக்குக் கீழே விரைந்து ஓட, மரக்கிளைகளும் சுரங்க வாயும் நெருங்கி விலக, அந்தச் சிறிய எண்கள் பெரிய அனுபவமாக மாறின.

2016 மார்ச் 24 அன்று அதே தண்டவாளம், அதே ரயில், ‘கலாக்டிகா’ என்ற புதுப் பெயரோடு திறக்கப்பட்டது. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு விஆர் ஹெட்செட். அதை அணிந்தவர் கண்ணுக்குப் புல்தரை இல்லை, மரம் இல்லை. விண்வெளியும், அதற்குள் பாய்ந்து செல்லும் அவருடைய உடலும்தான். முழுக்க முழுக்க மெய்நிகர் காட்சிக்கென்றே அமைந்த உலகின் முதல் ரோலர் கோஸ்டர் என்று பூங்கா விளம்பரம் செய்தது. 2019-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது ஹெட்செட்டுகள் போய்விட்டன. கோஸ்டர் மட்டும் அந்தப் பெயரோடு தொடர்ந்து ஓடியது.

ஆல்டன் டவர்ஸ் மட்டும் இப்படி முயன்று பின்வாங்கவில்லை. 2015-க்கும் 2019-க்கும் இடையில் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா எங்கும் பழைய கோஸ்டர்கள் ஹெட்செட் அணிந்தன. பெரும்பாலானவை சில பருவங்களுக்குள் கழற்றிவிட்டன. தொழில்நுட்பம் கைகொடுக்கவில்லை, மக்களுக்குத் தலைசுற்றியது, அதனால் கைவிட்டார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் படித்தறிந்தவரை உண்மை வேறு பக்கம் இருக்கிறது. கண்ணையும் காதையும் இசைய வைக்கும் கடினமான வேலையில் பொறியாளர்கள் வென்றார்கள். ரயிலில் ஏறி இறங்கும் இடத்தில், யாரும் பெரிதாக எண்ணாத வேலையில், இந்த முயற்சி தோற்றது.

அந்த வெற்றி சாதாரணமானதல்ல என்பதால் அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் வாக்னர். அவரும் மாணவர்களும் 2014 வாக்கில், ஓடுகிற கோஸ்டரில் ஹெட்செட்டை அணிந்து பார்க்கும் சோதனைகளில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணை நின்றது மாக் குடும்பம். 1780-இல் வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கி, பிறகு கேளிக்கை எந்திரங்களுக்குப் பேர்பெற்ற மாக் ரைட்ஸ் நிறுவனம் அவர்களுடையது. ரூஸ்ட் என்ற ஊரில் 1975-இல் திறந்த ஐரோப்பா பார்க்கும் அவர்களுடையதுதான். எந்திரம் செய்பவரும் பூங்கா நடத்துபவரும் ஒரே குடும்பம் என்பதால், சோதனைக்கு ரயிலும் தண்டவாளமும் எளிதாகக் கிடைத்தன. 2015 செப்டம்பரில், அங்கே 1984 முதல் ஓடிக்கொண்டிருந்த ‘ஆல்பன்எக்ஸ்பிரஸ்’ கோஸ்டரில் பொதுமக்கள் ஹெட்செட் அணிந்து பயணம் செய்தார்கள். அது மோட்டாரால் ஓடும் கோஸ்டர். உச்சிக்கு ஏற்றி ஈர்ப்பு விசையிடம் ஒப்படைத்துவிடும் கோஸ்டரைவிட இதன் வேகம் கட்டுக்குள் நிற்கும். முதல் முயற்சிக்கு இதைத் தேர்ந்தது நல்ல முடிவு.

ஷாப்பிங் மால்களில் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் ஹெட்செட்டை மாட்டி, ரோலர் கோஸ்டர் படத்தைக் காட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டே நிமிடத்தில் வயிற்றைப் பிரட்டும். காரணம் உட்காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை உணர்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் இருக்கின்றன. உடல் முன்னே தள்ளப்படுவதையும் ஈர்ப்பின் திசையையும் உணர்த்துபவை அவை. மாலில் உட்கார்ந்திருப்பவரிடம் கண் ‘விழுகிறோம்’ என்கிறது, காது ‘அசையவே இல்லை’ என்கிறது. இப்படிப் புலன்களின் செய்தி முரண்படுவதே குமட்டலுக்குக் காரணம் என்ற கொள்கையை ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975-இல் வெளியிட்ட நூலில் விரிவாக முன்வைத்தார்கள். இன்றும் பயணக் குமட்டல் ஆய்வுகள் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகின்றன. உடல் உண்மையிலேயே விழும்போது கண்ணுக்கும் விழுகிற காட்சியைக் கொடுத்தால் அந்த முரண்பாடு நீங்கிவிடும். எனவே கோஸ்டரில் அணியும் ஹெட்செட், நாற்காலியில் அணிவதைவிட உடலுக்கு இணக்கமானது. கேட்க முரணாக இருந்தாலும் வாக்னர் குழுவின் முயற்சிக்கு அடித்தளம் இதுவே.

ஆனால் இரண்டு செய்திகளும் ஒரே நொடியில் வந்து சேர வேண்டும். மணிக்கு 75 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். படம் அரை நொடி பிந்தினால் ரயில் 10 மீட்டர் முன்னே போயிருக்கும்; உடல் வலப்பக்க வளைவில் சாய்ந்துகொண்டிருக்க, கண் இன்னும் நேர்ப்பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரயில் கிளம்பும் நொடியில் படத்தை ஓடவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. ஈர்ப்பால் ஓடும் கோஸ்டர் ஒரு நாளில் இரண்டு முறை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. காலைக் குளிரில் சக்கரங்கள் இறுகியிருக்கும், பகலில் இளகும். இருக்கைகள் நிரம்பிய ரயில் வேகமாகப் போகும், பாதி காலியான ரயில் தயங்கும். எதிர்க்காற்றுக்கும் மழைக்கும் தனிக் கணக்கு. ஆகவே ரயிலிலேயே ஒரு சிறு கணினிப்பெட்டியை வைத்தார்கள். சக்கரத்தின் சுழற்சியை உணரியால் எண்ணி, ரயில் தண்டவாளத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது கணக்கிட்டு, கம்பியில்லாத் தொடர்பில் எல்லா ஹெட்செட்டுகளுக்கும் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். படம் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பின்தொடர்ந்தது. ரயில் ஏற்றத்தில் நின்றுபோனால் படத்தில் வரும் விண்கலமும் நின்றுவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அன்றைய ஹெட்செட்டுக்குள் இருந்தது ஒரு செல்போன். அதன் சுழற்சி உணரி தலை எவ்வளவு திரும்பியது என்று சொல்லும். ஆனால் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து விலகிப்போகும். அந்த விலகலைத் திருத்த, வீட்டில் பயன்படுத்தும் ஹெட்செட் ஈர்ப்பின் திசையையும் பூமியின் காந்தப்புலத்தையும் துணைக்கு எடுத்துக்கொள்ளும். கோஸ்டரில் இரண்டும் பொய் சொல்லும். வளைவில் உடலை அழுத்தும் விசையும் ஈர்ப்பும் ஒன்றாகக் கலந்து வருவதால் ‘கீழ்’ எது என்று கருவிக்குத் தெரியாது. தலைகீழ் வளையத்தின் உச்சியில் ‘கீழ்’ வானத்தின் பக்கம் இருக்கும். சுற்றிலும் எஃகு என்பதால் காந்த உணரியும் உதவாது. இன்னொன்று: ரயில் இடப்பக்கம் திரும்பினாலும் பயணி தலையை இடப்பக்கம் திருப்பினாலும் உணரிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் விண்கலம் திரும்ப வேண்டும், இரண்டாவதில் பயணியின் பார்வை மட்டும் திரும்ப வேண்டும். தண்டவாளத்தின் முழு வடிவமும் முன்கூட்டியே தெரியும் என்பதால், ரயிலின் திருப்பத்தை மொத்தத் திருப்பத்திலிருந்து கழித்து, மிஞ்சுவதைத் தலையின் அசைவாக எடுத்துக்கொண்டார்கள். தலை அசைந்து படம் மாறுவதற்குள் ஆகும் தாமதம் 20 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. எஃகு அதிரும் ரயிலில், ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் செய்துகாட்டினார்கள். பொறியியலில் இதற்குரிய மதிப்பு அவர்களுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இந்த வெற்றி ஒரு பெரிய சுதந்திரத்தையும் தந்தது. ஈர்ப்பையும் முடுக்கத்தையும் உடலால் பிரித்தறிய முடியாது. கண்ணைக் கட்டிவிட்டு நாற்காலியைப் பின்னே சாய்த்தால், முன்னே விரைகிறோம் என்று நம்பவைத்துவிடலாம். டிஸ்னிலாந்தில் 1987-இல் வந்த ‘ஸ்டார் டூர்ஸ்’ போன்ற அசையும் அறைகள் இந்த நுட்பத்தால்தான் இயங்கின. கோஸ்டரில் இதை இன்னும் விரிவாகச் செய்யலாம். சங்கிலி மெல்ல மேலே இழுத்துச் செல்லும் ஏற்றத்தை, ராக்கெட் புறப்படும் காட்சியாகக் காட்டலாம். 10 மீட்டர்ச் சரிவைப் பள்ளத்தாக்கின் ஆழமாகக் காட்டலாம். நன்றாகச் சாய்த்து அமைத்த வளைவில் விசை முழுவதும் இருக்கையை நோக்கியே அழுத்தும். கண்ணை மூடியிருப்பவருக்கு உடல் கனத்ததாகத் தெரியுமே தவிரச் சாய்ந்ததாகத் தெரியாது. அங்கே கண்ணுக்கு வளைவைக் காட்டுவதா, மேலெழும் பாய்ச்சலைக் காட்டுவதா என்பது படைப்பவரின் விருப்பம். திருப்பத்தின் நேரமும் திசையும் பொருந்தினால் போதும், அளவு பொருந்த வேண்டியதில்லை. மரத்தின் உயரத்தைத் தாண்டக்கூடாத பூங்காவுக்கு இதைவிட ஈர்ப்பான வாக்குறுதி இருக்க முடியாது.

கண்ணை ஏமாற்றி உடலை நம்பவைக்கும் கேளிக்கை புதியதுமல்ல. 1890-களில் அமெரிக்காவில் ‘பேய் ஊஞ்சல்’ என்றொரு காட்சி பொருட்காட்சிகளில் இடம்பெற்றது. 1894-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பொருட்காட்சியில் இருந்த ஊஞ்சலைப் பற்றி ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் மறு ஆண்டு ஓர் உளவியல் இதழில் எழுதினார். ஓர் அறை, நடுவே தொங்கும் பெரிய ஊஞ்சலில் பலர் அமர்ந்திருப்பார்கள். ஊஞ்சல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆடுவது அறை! கடைசியில் அறையே முழுச் சுற்றுச் சுற்றும். உட்கார்ந்திருப்பவர்கள் தலைகீழாகக் கவிழ்வதாக எண்ணி இருக்கையை இறுகப் பற்றிக்கொள்வார்கள். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் 1996-இல் திறந்த ‘வில்லா வோல்டா’ அதே தத்துவத்தின் நவீன வடிவம். இந்த மாயத்தைத் தருவது அறை. பார்வையாளர் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும். எதையும் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம், யாரும் வந்து சரிபார்க்க வேண்டாம். கோஸ்டரில் அந்த அறையை ஒவ்வொருவர் முகத்திலும் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. தொல்லை அங்கே தொடங்கியது.

பூங்காக்கள் ஏன் இவ்வளவு ஆவலோடு இறங்கின என்பதற்கு எளிய கணக்கு போதும். புதிய கோஸ்டருக்குக் கோடிக்கணக்கான பவுண்டு வேண்டும், நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், ஆண்டுகள் வேண்டும். 2015 இறுதியில் சாம்சங்கின் ‘கியர் விஆர்’ சுமார் 100 டாலருக்குக் கடைக்கு வந்தது. அதில் செருகும் செல்போனின் விலையையும் சேர்த்தால்கூட ஓர் இருக்கைக்கான கருவிச் செலவு ஆயிரம் டாலருக்குள் அடங்கும். பதினைந்து வயதான கோஸ்டரை ‘இந்த ஆண்டுப் புதுமை’ என்று விளம்பரப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை. 2016 மார்ச்சில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் வட அமெரிக்காவில் தன்னுடைய ஒன்பது கோஸ்டர்களில் ஹெட்செட் வரப்போவதாக ஒரே அறிவிப்பில் சொன்னது. மூன்று சூப்பர்மேன் கோஸ்டர்களில் சூப்பர்மேன் கதை; மற்றவற்றில் அன்னியக் கோள்வாசிகளின் படையெடுப்பு, பயணிகள் போர் விமானத்தில் இருந்து சுடலாம். கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976 முதல் ஓடும் ‘ரெவல்யூஷன்’ கோஸ்டரும் இந்த ஒன்பதில் அடக்கம். எஃகுத் தண்டவாளத்தில் செங்குத்து வளையத்தை நவீன காலத்தில் முதலில் சாத்தியமாக்கிய கோஸ்டர் அது. 

ஆனால் கோஸ்டரின் பொருளாதாரம் அதன் பிளாட்பாரத்தில் நடக்கிறது. ரயில் வரும், மக்கள் இறங்குவார்கள், வேறு மக்கள் ஏறுவார்கள், பாதுகாப்புப் பட்டைகளை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார், கட்டைவிரலை உயர்த்துவார், ரயில் கிளம்பும். இந்தச் சுற்று எத்தனை நொடியில் முடிகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கணக்குக்காக 28 பேர் அமரும் ரயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 90 நொடிக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 40 ரயில், 1,120 பேர். ஒவ்வொருவருக்கும் ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்து, பட்டையை இறுக்கி, படம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டு, தெரியாதவருக்கு மாற்றுக் கருவி கொடுப்பதால் சுற்று 150 நொடியாக நீள்கிறது என்று வையுங்கள். மணிக்கு 24 ரயில், 672 பேர். ஒரு மணி நேரத்தில் 448 பேர் குறைகிறார்கள். பத்து மணி நேரம் திறந்திருக்கும் நாளில் 4,480 பேர். வரிசையில் நிற்பவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு ஒன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கும். அவருக்குக் கிடைப்பது அதே இரண்டு மூன்று நிமிடப் பயணம்.

தாமதம் பிளாட்பாரத்தோடு முடியவும் இல்லை. மோதல் நேராதபடி தண்டவாளம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் நிற்கலாம். பிளாட்பாரத்தில் ஏறுபவர்கள் தாமதித்தால், பயணம் முடித்து வரும் அடுத்த ரயில் வெளியே பிரேக்கில் நின்று காத்திருக்க வேண்டும். அதில் இருப்பவர்கள் வெயிலில், படம் முடிந்த ஹெட்செட்டோடு, இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பயணத்தின் கடைசி நினைவாக மனதில் நிற்பது அந்தக் காத்திருப்பு.

முகம் என்பது எந்திரத்துக்கு ஒத்துழைக்காத உறுப்பு. வியர்வையில் கண்ணாடி மங்கும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு ஹெட்செட் பல நேரம் சரியாகப் பொருந்தாது. ஒருவர் கழற்றியதை அடுத்தவர் அணிவதற்குள் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு இருமடங்கு கருவிகளும் கூடுதல் ஆட்களும் வேண்டும். வெயிலில் செல்போன் சூடேறும், மின்கலம் தீரும். எடையையும் பாருங்கள்: கியர் விஆரின் எடை 318 கிராம், செல்போனோடு சேர்த்தால் அரைக் கிலோவை நெருங்கும். உடலை நான்கு மடங்கு ஈர்ப்பு அழுத்தும் ஒரு வளைவில் அது முகத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக இழுக்கும். கலாக்டிகாவில் நிலைமை இன்னும் சிரமம். பயணி கவிழ்ந்து கிடப்பதால் கருவி முகத்தில் உட்காராமல் முகத்திலிருந்து தொங்கியது. பட்டையை இன்னும் இறுக்க வேண்டும், இறுக்க இன்னும் நேரம் வேண்டும். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் கியர் விஆரைப் பயன்படுத்தக்கூடாது என்று தயாரித்தவர்களே சொல்லியிருந்தார்கள். ஒரு குடும்பம் ஒன்றாக ஏறும் வண்டியில், பத்து வயதுப் பிள்ளை வெறுங்கண்ணோடும் அப்பாவும் அம்மாவும் வேறொரு உலகத்திலும் பயணம் செய்தார்கள்.

ஃபுளோரிடாவின் சீவேர்ல்டு பூங்கா இந்தக் குறைகளைப் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தது. 2000-இல் தொடங்கிய ‘கிராக்கன்’ கோஸ்டரில் 2017 கோடையில் ஹெட்செட்டை ரயிலோடே கம்பியால் இணைத்தார்கள். செல்போனைச் செருகும் வேலையும் மின்கலம் மாற்றும் வேலையும் ஒழிந்தன. இருந்தும் அணிவிப்பதும் துடைப்பதும் மிஞ்சின. 2018-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். கருவி எவ்வளவு மேம்பட்டாலும் பிளாட்பாரத்தின் நொடிகள் திரும்பி வராது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை இதுவே வலுவான சான்று.

சிங்கப்பூருக்கு எதிரே, மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் லெகோலேண்டுக்குத் தமிழ்க் குடும்பங்கள் பல போயிருக்கும். அங்கே 2017 நவம்பரில் ‘தி கிரேட் லெகோ ரேஸ்’ என்ற பெயரில் பழைய சிறு கோஸ்டர் ஹெட்செட்டோடு மீண்டும் திறந்தது. மறு ஆண்டு ஃபுளோரிடாவிலும் ஜெர்மனியிலும் அதன் உடன்பிறப்புகள் வந்தன. சில பேர் மட்டும் உட்காரும் தனித்தனி வண்டிகள் அவை. ஒருவருக்கு ஹெட்செட் பொருந்தாவிட்டால் 28 பேர் காத்திருக்க வேண்டிய நிலை அங்கே இல்லை. பெரிய ரயில்களைவிட இந்த வடிவமே பொருத்தமானது.

காலத்தைப் பற்றிய இன்னொரு கணக்கை யாரும் போடவில்லை என்று தோன்றுகிறது. நன்றாகப் பராமரித்தால் எஃகுக் கோஸ்டர் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடும், ரெவல்யூஷன் ஓடுகிறது. செல்போனின் ஆயுள் நான்கைந்து ஆண்டு. 2019 ஆகஸ்டில் சாம்சங் வெளியிட்ட ‘நோட் 10’ போன் கியர் விஆரோடு பொருந்தவில்லை. 2020-இல் அந்தக் கருவிக்கான சேவைகளையும் நிறுத்திவிட்டார்கள். அரை நூற்றாண்டு வாழும் எந்திரத்தின் கதையை ஐந்தாண்டு வாழும் பொருளிடம் ஒப்படைத்தால், ஐந்தாண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் மறுபடி வாங்கி, மறுபடி எழுதி, மறுபடி சோதிக்க வேண்டும். ‘மலிவு’ என்ற முதல் கணக்கு அங்கே உடைந்துபோகிறது. அதே 2020-இல் பெருந்தொற்று வந்தது. ஊரார் முகத்தில் இருந்த கருவியைத் தன் முகத்தில் வைத்துக்கொள்ள யாரும் முன்வராத காலம் அது. ஏற்கெனவே தளர்ந்திருந்த முயற்சி அதன் பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை.

இதுவரை சொன்னவை காசும் நேரமும். இழந்த அனுபவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதுவே பெரிய குறையாகத் தெரிகிறது. நல்ல கோஸ்டரை வடிவமைப்பவர் தண்டவாளத்தை மட்டும் வரைவதில்லை. எந்த நொடியில் பயணி எதைப் பார்ப்பார் என்பதையும் சேர்த்தே வரைகிறார். தலையில் இடித்துவிடும்போல வரும் சுரங்க முகப்பு, காலை உரசுவதுபோல் போகும் பாறை, எதிரே தெரிந்து மறையும் அடுத்த வளையம் எல்லாம் அளந்து வைத்தவை. ஏர் கோஸ்டரில் கவிழ்ந்து பறப்பவருக்குத் தரை அருகில் இருந்ததே அனுபவத்தின் உயிர். கலாக்டிகா அந்தத் தரையை எடுத்துவிட்டு விண்வெளியைக் கொடுத்தது. விண்வெளியில் அருகே எதுவும் இல்லை; அருகே எதுவும் இல்லாதபோது வேகம் தெரிவதில்லை. முகத்தில் அடிக்கும் காற்றும் மழைத்துளியும் புல் வாசனையும் அந்தக் காட்சிக்கு அன்னியமாக நின்றன. அன்றைய செல்போன் திரையின் புள்ளிகளைக் கண்ணுக்கு மிக அருகே வைத்துப் பெரிதாக்கியபோது, வலை போட்டு மூடியது போன்ற படம்தான் கிடைத்தது. கண்ணெதிரே கிடந்த உண்மையான காட்சியை விட்டு அதை ஏற்கச் சொன்னார்கள்.

பக்கத்து இருக்கையையும் எண்ணிப் பாருங்கள். கோஸ்டரில் தனியாகப் போகிறவர்கள் குறைவு. சரிவின் உச்சியில் தோழியின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும், இறங்கியதும் ‘நீ அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாய்’ என்று சொல்லிச் சிரிப்பதும் அந்தப் பயணத்தின் பாதி இன்பம். இருபத்தெட்டுப் பேர் ஒரே ரயிலில் தனித்தனி அறைகளில் அடைபட்டபோது அது போய்விட்டது.

அப்படியானால் இது எங்குமே பொருந்தாதா? பொருந்தும், சில நிபந்தனைகளோடு. அதைக் காட்டியதும் ஐரோப்பா பார்க்தான். அங்கே 1989 முதல் ஒரு பெரிய கோளத்துக்குள் இருட்டில் ஓடிய ‘யூரோசாட்’ கோஸ்டர் 2017-இல் மூடப்பட்டு, புதிய தண்டவாளத்தோடு 2018-இல் திறந்தது. ஹெட்செட் வேண்டுபவர்களுக்குத் தனி நுழைவாயில், தனிக் கட்டணம், தனிப் பிளாட்பாரம். அங்கே அவர்கள் நிதானமாக அணிந்துகொண்டு தங்கள் ரயிலில் ஏறுவார்கள். அந்த ரயில் பிறகு மற்ற ரயில்களின் வரிசையில் வந்து சேர்ந்துகொள்ளும். ஹெட்செட் வேண்டாதவர் அதற்காகக் கூடுதலாகக் காத்திருக்க நேரவில்லை. இருட்டறைக் கோஸ்டர் என்பதால் மறைந்துபோகும் இயற்கைக் காட்சியும் அங்கே இல்லை. இந்தப் பிளாட்பாரம் பின்னால் ஒட்டவைத்ததல்ல, புதுப்பிக்கும்போதே கட்டடத்தோடு சேர்த்து வரையப்பட்டது.

ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் வேறொரு வழியைக் கண்டது. 2016 ஜனவரியில், ‘ஸ்பேஸ் ஃபேன்டசி’ என்ற உள்ளரங்கக் கோஸ்டரில் பாடகி கியாரி பாம்யு பாம்யுவின் உலகத்தைக் காட்டும் ஹெட்செட் பயணம் சில மாதங்களுக்கு மட்டும் நடந்தது. 2018-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி’ விளையாட்டின் உலகம் வந்தது. நிரந்தரம் என்று சொல்லாமல் திருவிழாபோல வந்து போனதால், ஐந்தாண்டில் கருவி பழசாகும் தொல்லை இல்லை. அந்தப் பாடகியையோ விளையாட்டையோ விரும்பி வருபவர்கள் நீண்ட வரிசையையும் பொறுத்துக்கொண்டார்கள். அதே பூங்கா 2021-இல் திறந்த ‘மரியோ கார்ட்’ பயணத்தில், வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவருக்கும் மரியோவின் தொப்பி விளிம்பு வடிவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்துத் தலைக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். காட்சிக் கண்ணாடி வண்டியில் இருக்கிறது. உட்கார்ந்ததும் காந்தத்தால் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். அணியும் நேரம் முழுவதும் பிளாட்பாரத்திலிருந்து வரிசைக்கு நகர்ந்துவிட்டது. அது கோஸ்டரைவிட மெதுவான வண்டி. காட்சியும் உலகத்தை மறைக்காமல் அதன்மேல் படிவது. ஆனாலும் 2016-இன் தோல்விகள் கேட்ட கேள்விக்கு நான் அறிந்த சிறந்த விடை அந்தப் பிளாஸ்டிக் வளையம்தான்.

பழைய கோஸ்டருக்கு ஹெட்செட் அணிவிக்க நினைக்கும் பூங்கா, படத்தில் எந்தக் கதை வர வேண்டும் என்பதைக் கடைசியில் யோசிக்கலாம். அணியும் இடம் எது, துடைப்பவர் யார், வேண்டாம் என்பவரின் வழி எது என்ற மூன்றுக்கும் முதலில் விடை வேண்டும். விடை இல்லையென்றால் அந்தப் பணத்தில் தண்டவாளத்தையும் ரயிலையும் சீர்செய்வது மேல். ரெவல்யூஷனில் 2016-இல் ஹெட்செட்டோடு இன்னொரு மாற்றமும் நடந்தது: பல ஆண்டுகளாகப் பயணிகளின் தலையை இடித்துக்கொண்டிருந்த தோள்பட்டைத் தடுப்புகளை எடுத்துவிட்டு, மடிமேல் விழும் எளிய தடுப்புகளைப் பொருத்தினார்கள். ஹெட்செட் போய்விட்டது. அந்த மடித்தடுப்பு நிலைத்துவிட்டது, பயணமும் முன்னைவிடச் சுகமானது.